மருந்துப் புட்டியும் ஏரி மீனும்

நெல்லுக்குத் தெளிக்கும் மருந்து ஏரியிலுள்ள மீனைக் கொல்லுமா என்பது பயிர்த்தொழில் செய்வோர் மட்டுமே கவலைப்பட வேண்டிய கேள்வி என்று நம் அன்பர்களிற் பலர் எண்ணக்கூடும். உழவர்கரை என்னும் ஊர்ப்பெயரிலேயே உழவரும் கரையும் சேர்ந்து நிற்கின்றனர். இவ்வட்டாரத்தில் நெல்லும் மீனும் ஒரே நீரை உண்டு வளர்கின்றன. அந்த நெல்லையும் அந்த மீனையும் உண்டு வாழ்பவருள் உழவரும் உண்டு, நெசவாளரும் உண்டு. அந்நீரில் நாம் எதைக் கலக்கிறோம் என்பதை, அதனை விற்பனை செய்யும் கூட்டுறவுச் சங்கம் முதலில் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டும். இக்கருத்தை வற்புறுத்தவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

புதுச்சேரிப் பகுதி ஏரிகளால் அமைந்த நாடு. அவற்றுள் பெரியது ஊசுடு ஏரி. சங்கராபரணி ஆற்றின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அதனை வந்து நிரப்புகிறது. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரியின் ஒரு பாதி புதுச்சேரியிலும் மறுபாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த பெரிய ஏரி பாகூரில் உள்ளது. இவை போக, சிறிதும் பெரிதுமாகப் பல ஏரிகள் உள்ளன. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் தொடங்கிய சீரமைப்புத் திட்டம் 84 ஏரிகளை எடுத்துக்கொண்டது. உழவர்கரையைச் சார்ந்த கனகன் ஏரி போன்றவற்றை இன்று நகரம் சூழ்ந்துவிட்டது. ஆயினும் மேற்கேயும் தெற்கேயும் சென்றால் பழைய முறை இன்னும் கண்ணுக்குப் புலப்படும். ஏரியின் மதகைத் திறந்தால் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல், வயலின் கழிமடையிலிருந்து வடிகால், வடிகால் போய்ச் சேருமிடம் கீழேயுள்ள மற்றோர் ஏரி அல்லது குளம். மேல்வயல்காரன் வடிய விட்டது கீழூராருக்கு வரத்து நீராகிறது.

அந்நீரில் கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, ஆரல், அயிரை ஆகியவை தாமே பெருகுகின்றன. கட்லா, ரோகு, மிர்கால் முதலியவற்றின் குஞ்சுகளை வாங்கி விடுவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பின்னர்க் குஞ்சு விடுவதும், கோடையில் நீர் வற்றும்போது மீன் பிடிப்பதும் பழகிய முறை. சம்பாப் பயிருக்குக் குருத்துப்புழு, இலைச்சுருட்டுப் புழு, புகையான் ஆகியவற்றை அஞ்சி மருந்து தெளிக்கும் காலமும் அந்த மழைக்காலமே. மீன் மிகவும் இளையதாக இருக்கும் வேளையில்தான் வயலில் மருந்து மிகுதியாக இருக்கிறது. அதே வேளையில்தான் மழை வயலை நிரப்பி வடிகாலில் தள்ளுகிறது. இம்மூன்றும் ஒரே பருவத்தில் வந்து சேர்வதே நமது இடர்ப்பாட்டின் அடிப்படை.

முக்கோணம் சொல்லும் செய்தி

மருந்துப் புட்டியின் மேல் வண்ண முக்கோணம் ஒன்று அச்சிடப்பட்டிருப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். சிவப்பு என்றால் கடும் நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. "பச்சைதானே, பயமில்லை" என்று சொல்லி விற்பவரும் உளர். அதை நம்பி வாங்குபவரும் உளர். இந்த நிறங்கள் எதனை அளந்து தரப்பட்டவை என்று கேட்போர் மிகக் குறைவு.

ஆய்வுக்கூடத்து எலிகளிற் பாதியைக் கொல்வதற்கு, உடல் எடை கிலோ ஒன்றுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்தை வாய்வழி கொடுக்க வேண்டும் என்பதே முக்கிய அளவுகோல். 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு; 500 வரை மஞ்சள்; 5,000 வரை நீலம்; அதற்கு மேற்பட்டால் பச்சை. தோலில் பட்டால் உண்டாகும் கேட்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எலி பாலூட்டி, மனிதனும் பாலூட்டி. ஆகவே எலியை அளந்து மனிதனுக்கு எச்சரிக்கை தருகிறார்கள். மீனைப் பற்றி அந்த முக்கோணம் வாய் திறப்பதில்லை.

இதற்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1958-இல் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து உணவுப் பண்டங்களுடன் கலந்து, கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தின் பின்னர் நடந்த விசாரணைகளின் பயனாகவே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-இல் அதன் விதிகளும் பிறந்தன. மனித உயிர்ச்சேதத்தால் பிறந்த சட்டம் முதலில் மனித வாயைக் காக்க முற்பட்டது இயற்கையே. அதனைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் மனிதனுக்குத் தரப்பட்ட எச்சரிக்கையை மீனுக்கும் தரப்பட்டதாக நாம் எடுத்துக்கொள்வது பெரும் பிழை.

மனிதனுக்குத் தீங்கற்றது மீனுக்கும் தீங்கற்றதாகும் என்று எண்ணுவோர் இலுப்பைப் பிண்ணாக்கை நினைத்துப் பார்க்கலாம். அதை அரைத்துத் தலைக்குத் தேய்த்து முழுகும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அதே பிண்ணாக்கைத்தான் மீன் வளர்ப்போர், குஞ்சு விடுவதற்கு முன்னர் வேண்டாத மீன்களை ஒழிப்பதற்காகக் குளத்தில் இடுகிறார்கள். தலைக்கு உகந்த பொருள் செவுளுக்கு நஞ்சாக முடிகிறது. தாவரப் பொருளே இவ்வாறென்றால், கொல்வதற்கென்றே செய்த பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மீன் ஏன் இவ்வளவு எளிதில் மடிகிறது? அது நீரில் மூச்சு விடுகிறது. நீரில் உயிர்க்காற்று மிகக் குறைவு; ஆதலின் வேண்டிய காற்றைப் பெற, இடைவிடாது நீரைச் செவுள் வழியே செலுத்திக்கொண்டிருக்க வேண்டும். செவுளின் மெல்லிய தோலுக்கு அடியிலேயே இரத்தம் ஓடுகிறது. நீரில் கலந்த நஞ்சு இவ்வழியாக நேரே இரத்தத்தில் சேர்கிறது. கோடையில் நீர் சூடேறிக் காற்றுக் குறையும்போது மீன் இன்னும் வேகமாக நீரைச் செலுத்துகிறது. நஞ்சும் இன்னும் வேகமாகச் சேர்கிறது. விராலும் குறவையும் மேலே வந்து காற்றைக் குடிக்க வல்லவை. ஆயினும் அவற்றுக்கும் செவுளும் தோலும் உண்டு. முற்றும் தப்பிவிட முடியாது.

கணக்குப் பார்ப்பது என் தொழில். ஆகவே ஒரு சிறு கணக்கை அன்பர்கள் முன் வைக்கிறேன். பத்து சத வீரியமுள்ள சைபர்மெத்ரின் 100 மில்லி புட்டியில் உள்ள நஞ்சு 10 கிராம். ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குட்டையில் அடங்கும் நீர் 1 கோடி லிட்டர். அந்தப் புட்டி முழுவதும் அந்நீரில் கரைந்தால் லிட்டர் ஒன்றுக்கு 1 மைக்ரோகிராம் வரும். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. ஆய்வுத் தொட்டிகளில் பல மீன் இனங்களிற் பாதியை நான்கு நாட்களில் கொல்வதற்கு இத்தகைய மைக்ரோகிராம்கள் ஒரு சிலவே போதுமென்று கண்டிருக்கிறார்கள். குட்டையின் நீர் கால் மீட்டராக வற்றியிருந்தால், அந்த ஒரே புட்டியே லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் ஆகிவிடும். இம்மருந்து சேற்றிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்வதால், வயலில் தெளித்தது முழுவதும் குட்டைக்கு வருவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் புட்டியையும் தெளிப்பானையும் வாய்க்காலில் கழுவினால், இடையில் தடுக்கும் சேறு எது?

களைக்கொல்லியின் கதையும் இதுவே. நடவு வயலில் இடும் பூட்டாக்குளோர் எலிக்கு அத்துணை கொடியதன்று. மேற்சொன்ன அளவுகோலில் நீல வகையில் அடங்கும். மீனுக்கோ லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவே உயிர் போக்கும். நிறத்தைப் பார்த்து வாங்குபவருக்கு இது எவ்வாறு தெரியும்?

வெள்ளாறு காட்டிய பாடம்

நமக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்தில் ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கும் வெள்ளாற்றில், 1980-களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஆய்வு நடத்தினர். அந்நாளில் உழவர் மிகுதியாகத் தூவிய பி.எச்.சி. தூள் காற்றிலும் ஆற்று நீரிலும் எவ்வளவு இருக்கிறதென்று மாதந்தோறும் பார்த்தனர். மழைக்காலத்தில் அதன் அளவு உயர்ந்தது. நெற்பயிருக்கு அத்தூளை இடும் காலமும் அதுவே. ஆறு, வயலின் நாட்காட்டியைப் பின்பற்றி நடந்தது என்று சொல்லலாம். இட்ட தூளில் மிகப் பெரும்பகுதி வெப்பத்தால் காற்றில் ஏறிப் போயிற்று என்றும் அவர்கள் கணித்தனர். ஒருவர் வயலில் இட்டது அவர் வரப்போடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு நம் அண்டையிலேயே கிடைத்த சான்று இது.

வேளாண்மைக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989-இல் நிறுத்தப்பட்டது. பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது. மீனுக்கு மிகக் கொடியதெனப் பல்லாண்டுகளாக அறியப்பட்டிருந்த எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் நிறுத்தியது. அதற்கும் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களை அடுத்து வாழ்ந்த மக்களின் துன்பமே காரணமாயிற்று. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு 18 மருந்துகளை விலக்க ஆணையிட்டது. அவற்றுள் போரேட், பாஸ்பாமிடான், டிரையசோபாஸ் ஆகியவற்றுக்கு 2020 டிசம்பர் இறுதி வரை தவணை தரப்பட்டது. சட்டம் வரும், ஆனால் காலந்தாழ்ந்து வரும். ஒன்றை விலக்கினால் மற்றொன்று கடைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் தடை வரட்டும் என்று காத்திருந்தால், ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைத் தொட்டிகளாகிவிடும்.

பழைய மருந்துகள் கொழுப்பில் தங்கின. சிற்றுயிரை மீன் உண்ண, மீனைப் பறவை உண்ண, படிப்படியாகத் திரண்டன. புதியவற்றிற் பல விரைவில் சிதைந்துவிடும் என்பது உண்மையே. சிதைவதற்கு முன்னரே கொன்றுவிட்டால் அந்தச் சிறப்பினால் மீனுக்கு என்ன பயன்? வேறு சில மருந்துகள் மீனை நேரே கொல்வதில்லை என்று விளம்பரம் பெறுகின்றன. ஜப்பானில் சிஞ்சி என்னும் ஏரியைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அதனைச் சூழ்ந்த நெல்வயல்களில் 1993 முதல் நியோனிக்கோட்டினாய்டு வகை மருந்துகள் புழக்கத்திற்கு வந்தன. அதன் பின் ஏரியில் மிதக்கும் சிற்றுயிர்களும் பூச்சிகளும் அருகின; ஆண்டுக்கு 240 டன்னாக இருந்த ஒருவகைச் சிறுமீனின் விளைவு 22 டன்னாகச் சரிந்தது. உண்ண உணவின்றி மீன் குறைந்தது என்பதே ஆய்வாளர் கருத்து. செத்து மிதக்கும் மீனைக் கண்டால் ஊர் கூடிக் கூச்சலிடும்; பிறக்காமலும் வளராமலும் போன மீனுக்காகக் கேட்க யாரும் வருவதில்லை.

சாயக் குழாயும் வயல் வரப்பும்

நெசவாளர்களை நோக்கியும் ஒரு சொல். நீலச் சாயம் தோய்த்த கினித் துணியை ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பிப் பெயர் பெற்ற ஊர் புதுச்சேரி. நீரின் குணம் கெட்டால் சாயம் பிடிக்காது என்பதைத் தறிக்காரரும் சாயக்காரரும் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. நீரைக் கெடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட வரலாறும் இத்தொழிலுக்கு உண்டு. நொய்யலின் குறுக்கே பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையாக மாறியது, உழவர்கள் வழக்காடினர், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடலாகாது என்பது அத்தொழிலின் விதியாயிற்று.

அந்த வழக்கில் உழவர் பக்கம் நியாயம் இருந்தது. அதே நியாயத்தை உழவர் தம் வயலுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாவா? சாயக் கழிவு நிறத்தோடு வருகிறது. ஆகவே கண்ணில் படுகிறது. வயலிலிருந்து வரும் நஞ்சு நிறமின்றி வருகிறது. சாயப்பட்டறைக்குக் குழாய் ஒன்று; அதனைக் காட்டி வழக்குத் தொடரலாம், பூட்டு இடலாம். வயலுக்கோ ஆயிரம் மடைகள். எந்த மடை நஞ்சை விட்டதென்று எந்த நீதிமன்றம் கண்டுபிடிக்கும்? எந்த அதிகாரி ஒவ்வொரு வரப்பிலும் நின்று காவல் புரிவார்?

தனியொருவர் நல்லவராக இருந்தும் பயனில்லை. என் மடையை நான் அடைத்தாலும் அடுத்தவர் திறந்து விட்டால் குளத்து மீன் செத்துத்தான் போகும். "நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்" என்ற எண்ணம் தோன்றும். எல்லோரும் சேர்ந்து கட்டுப்பட்டாலன்றி ஒருவர் கட்டுப்பாட்டுக்குப் பயன் விளையாத இத்தகைய காரியங்களுக்காக அன்றோ கூட்டுறவு தோன்றியது? கடனும் உரமும் கொடுப்பது அதன் ஒரு முகம். பொது நீருக்குப் பொது ஒழுங்கு காண்பது அதன் மற்றொரு முகம்.

பிற நாட்டார் கண்ட வழி

இது நடவாத காரியம் என்று தள்ளிவிட முடியாது. நெல் விளையும் நாடுகளிலேயே நடந்து காட்டப்பட்டிருக்கிறது. ஜப்பானில் 1962-இல் நெல்வயலுக்கு இட்ட பி.சி.பி. என்னும் களைக்கொல்லி கனமழையில் வழிந்து, அரியாக்கே கடலிலும் பீவா ஏரியிலும் மீனையும் சிப்பியையும் பெருவாரியாக அழித்தது. மறு ஆண்டே தங்கள் வேளாண் மருந்துச் சட்டத்தை அவர்கள் திருத்தினர். மருந்துகளை மீனுக்கு அவை செய்யும் கேட்டை வைத்து வகைப்படுத்தும் முறை அங்கே ஏற்பட்டது. நம் முக்கோணம் சொல்லாமல் விட்ட செய்தியை அவர்கள் மருந்தோடு சேர்த்தே சொன்னார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சேக்ரமெண்டோ பள்ளத்தாக்கும் நெல் விளையும் நிலமே. 1980-களின் தொடக்கத்தில் அங்கே மாலினேட் என்னும் களைக்கொல்லி வடிகாலில் இறங்கி, கெண்டை இன மீன்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அம்மருந்தை உடனே ஒழித்துவிடவில்லை. மருந்திட்ட வயலின் நீரைக் குறிப்பிட்ட நாட்கள் வரை வெளியே விடலாகாது என்று விதித்தனர். அந்த நாட்களைப் படிப்படியாகக் கூட்டி ஏறத்தாழ நான்கு வாரம் வரை கொண்டு சென்றனர். மருந்து வயலிலேயே சிதைந்தது. ஆற்றில் அதன் அளவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது; மீன் மடிவதும் நின்றது. ஜப்பானிலும் களைக்கொல்லி இட்டபின் ஏழு நாட்கள் நீரை நிறுத்தி வைக்குமாறு அறிவுறுத்துகிறார்கள். இதற்குத் தேவைப்பட்டது உயர்ந்த வரப்பும், அடைத்த மடையும், எல்லோரும் ஒப்பிய ஒரு நாட்கணக்குமே.

விளைச்சல் என்னாகும்?

"மருந்து அடிக்காவிட்டால் பூச்சி தின்றுவிடும், சங்கத்துக் கடனை யார் கட்டுவது?" என்று உழவர் கேட்பது முற்றும் நியாயம். மீனைக் காப்பாற்றப் பயிரைக் கைவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மருந்து மிகுந்தால் விளைச்சல் மிகும் என்பது உண்மையா என்று பார்க்கலாம். இந்தோனேசியாவில் 1970-களிலும் 1980-களிலும் புகையான் பெருஞ்சேதம் விளைத்தது. மருந்து புகையானோடு சேர்த்து அதனைத் தின்னும் சிலந்தியையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்றுவிடவே, புகையான் முன்னிலும் பெருகியது. 1986-இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே ஆணையால் விலக்கியது. பின்னர் மருந்துக்குத் தந்த மானியத்தையும் நிறுத்தியது. அதனால் நெல் உற்பத்தி வீழ்ந்துவிடவில்லை. வியட்நாமில் 1994 முதல், விதைத்த 40 நாட்களுக்குள் இலை தின்னும் புழுவுக்கு மருந்து வேண்டாம் என்று வானொலி வாயிலாகவும் பரப்பினர்; இளம்பயிர் தானே தழைத்து அந்தச் சேதத்தை ஈடு செய்துகொள்ளும் என்பது ஆய்விற் கண்ட உண்மை. உழவர்கள் செய்து பார்த்துத் தெளிப்பைக் குறைத்தனர்.

பூச்சி பொருளாதாரச் சேதம் செய்யும் அளவை எட்டினால் மருந்து வேண்டியதுதான். எட்டுமுன், அண்டை வயல்காரர் அடித்தார் என்பதற்காக அடிப்பது வீண்செலவு. அந்த வீண்செலவை நிறுத்தினால் மீனுக்கு மட்டுமன்று, கடன் கணக்குக்கும் நலமே.

நாம் செய்யக்கூடியவை

எல்லாம் ஒரே நாளில் ஆகிவிடாது. எனினும், சங்கங்கள் பணம் செலவின்றி உடனே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, விற்பனை நிலையத்தில் விலைப்பட்டியல் தொங்கும் இடத்தின் பக்கத்திலேயே மற்றொரு பலகை. இருப்பிலுள்ள மருந்துகளுள் எவை மீனுக்குக் கொடியவை என்று பெரிய தமிழ் எழுத்தில் அதில் எழுதப்படட்டும். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஒவ்வொரு பொதியிலும், வட்டார மொழியிலும் அச்சிட்ட விளக்கத் தாள் ஒன்று இருக்க வேண்டும் என்றும், அதில் மனிதர்க்கும் விலங்குகட்கும் காட்டுயிர்கட்கும் உண்டாகும் கேடு குறிக்கப்பட வேண்டும் என்றும் 1971-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. மடித்து உள்ளே கிடக்கும் அந்த நுண்ணெழுத்தைப் பலகைக்கு ஏற்றுவதே நாம் செய்ய வேண்டுவது. ஐயமிருந்தால் வேளாண்துறை, மீன்வளத்துறை அலுவலர்களையும் காரைக்காலிலுள்ள வேளாண் கல்லூரியாரையும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பேரவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம். மருந்திட்ட வயலின் கழிமடையைக் குறைந்தது ஒரு வாரம் அடைத்து வைப்பது. மழை மேகம் திரண்டிருக்கும் நாளில் தெளிக்காதிருப்பது. வாய்க்காலை ஒட்டிய ஓரத்தில் சில அடி விட்டுத் தெளிப்பது. பருவமழை கொட்டும்போது எந்த வரப்பும் நீரை நிறுத்தாது என்பதை நான் அறிவேன். அதனால்தான் மடை அடைப்பதைவிட நாள் பார்த்துத் தெளிப்பது முக்கியம் என்கிறேன்.

மூன்றாவது, கழுவுநீரும் காலிப் புட்டிகளும். தெளிப்பானைக் கழுவிய நீரும் எஞ்சிய மருந்தும் நீர்நிலையைக் கெடுக்காதவாறு அகற்றப்பட வேண்டும் என்பது விதியிலேயே உள்ளது. கழுவிய நீரை மருந்தடித்த வயலுக்குள்ளேயே தெளித்துவிடுவது எளிது. சங்கத்தில் வாங்கிய புட்டியைச் சங்கத்திலேயே திரும்பப் பெறும் ஏற்பாடு வேண்டும். நம்மிடம் நேரவிருக்கும் மீன் சாவில் கைச்செலவின்றித் தடுக்கக்கூடிய பகுதி இதுவே.

நான்காவது, ஏரியில் மீன்பாசி குத்தகை எடுத்தோரையும் மீனவர் சங்கத்தாரையும் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை அழைத்துப் பேசுவது. அவர்கள் குஞ்சு விடும் நாளை உழவரும், உழவர் மருந்தடிக்கும் நாளை அவர்களும் அறிந்திருந்தால், குஞ்சு விடுவதைப் பத்து நாள் தள்ளி வைப்பதனாலேயே ஓர் ஆண்டின் முதல் தப்பக்கூடும். இன்று மீன் செத்த பிறகே இரு தரப்பாரும் சந்திக்கிறார்கள். அச்சந்திப்பு பெரும்பாலும் சண்டையில் முடிகிறது.

ஐந்தாவது, என் துறையைச் சேர்ந்தோரை நோக்கிச் சொல்ல வேண்டியது. நான் பார்வையிட்ட இருப்புப் பதிவேடுகளில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள், அளவு, விலை ஆகியவற்றுக்கு இடம் உண்டு. நீருக்கு அது என்ன செய்யும் என்பதற்கு ஒரு பத்தியும் இல்லை. சென்ற ஆண்டைவிட மருந்து விற்பனை கூடியிருந்தால் சங்கம் வளர்ந்ததாக எழுதுகிறோம். குறைந்திருந்தால் காரணம் கேட்கிறோம். விற்பனையாளரும் அதற்கேற்பவே நடக்கிறார். வேண்டாத மருந்தை விற்காமல் திருப்பி அனுப்பிய விற்பனையாளர் அங்கத்தினருக்குப் பணம் மிச்சப்படுத்தியவர். அவரது நிலையத்தில் விற்பனை குறைந்ததைக் குறையாக எழுதும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். தனியார் கடைக்கும் கூட்டுறவுக் கடைக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில்தான் வெளிப்பட வேண்டும். வாங்குபவரே உரிமையாளராக உள்ள கடையில், வாங்குபவருக்குத் தெரியாத உண்மை ஒன்று இருப்பது முறையன்று.

"நாங்கள் விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்கள்" என்ற மறுமொழி எழும். வாங்கலாம். ஆனால் தீர்மானத்திற்குக் கை தூக்கியவர்கள் அதே வயல்களின் சொந்தக்காரர்கள். மருந்தை எங்கே வாங்கினாலும் மடை அவர்கள் கையில்தான் இருக்கிறது. சங்கத்தின் வலிமை கடையில் இருப்பதைவிடத் தீர்மானத்தில் மிகுதியாக இருக்கிறது.

இதிலே யாருக்கு என்ன நஷ்டம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டிறைச்சி வாங்க இயலாத கூலித் தொழிலாளிக்கும், தறியில் வாரக்கூலி பெறுபவருக்கும் ஏரிக் கெண்டையும் கெளுத்தியும் மலிவாகக் கிடைத்த ஊனுணவு. அவை அருகினால் அவர்கள் வேறு நல்லுணவுக்கு மாறிவிடுவதில்லை. குழம்பில் மீன் இல்லாமற் போகிறது, அவ்வளவே. இந்த நஷ்டம் எந்தச் சங்கத்தின் இலாப நஷ்டக் கணக்கிலும் ஏறுவதில்லை. வளரும் பிள்ளைகளின் உடம்பில் ஏறுகிறது.

2025-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலகக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. அதையொட்டி எங்கும் கொடியேற்றங்களும் சொற்பொழிவுகளும் நிகழ்ந்தன; அவை வேண்டியவையே. அவற்றோடு, வரும் சம்பாப் பருவத்திற்கு முன் கூடும் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், "மருந்திட்ட வயல்நீரை வெளிவிடுவது பற்றி" என்று ஒரு வரியை ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் சேர்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன். அதன்மீது கருத்து வேறுபாடு எழட்டும், வாதம் நடக்கட்டும், நாட்கணக்கு ஏழா ஐந்தா என்று அங்கத்தினர்களே முடிவு செய்யட்டும். முடிவு எதுவாயினும் அது நிகழ்ச்சிப் பதிவேட்டில் ஏறட்டும். அடுத்த தணிக்கையின்போது ஆய்வாளர்கள் அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்ப்போம்.